இணையம் போனாலும் ஏரேட்டர் ஓடவேண்டும்: இறால் பண்ணையில் எட்ஜ், ஃபாக் கணிமை அமைக்கும் முறை

வனாமி இறால் குளத்தில் கரைந்த ஆக்சிஜன், பண்ணைக்காரர்கள் சொல்லும் டிஓ, மிகக் கீழே இறங்குவது விடியலுக்குச் சற்று முன்பு. பகலெல்லாம் பாசி ஆக்சிஜன் தரும். பொழுது சாய்ந்தபின் பாசியும் இறாலும் அடிச்சேறும் சேர்ந்து அதை உறிஞ்சத் தொடங்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் தீனி எடுப்பது குறைகிறது. 3-க்குக் கீழே நீடித்தால் இறால் நலிந்து நோய்க்கு இடம் கொடுக்கிறது. 1-ஐ நெருங்கினால் காலையில் செத்த இறாலை வாரவேண்டியதுதான்.

வேதாரண்யம், நாகப்பட்டினம், சீர்காழி, தொண்டி பக்கத்துக் கடலோரப் பண்ணைகள் ஊரைவிட்டுத் தள்ளி இருப்பவை. கரண்ட் போனால் டவர் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு சிக்னலும் போய்விடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது அந்தப் பகுதியில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆக, சென்சார் அளந்ததைக் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் எங்கோ இருக்கும் கணினிக்கு, அனுப்பி, 'மோட்டாரைப் போடு' என்று கிளவுட் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்கும் அமைப்பு, எந்த இரவில் தேவையோ அந்த இரவில்தான் கைவிடும்.

அதனால் இங்கே முழு வடிவமைப்பும் ஒரே விதியில் நிற்கிறது: மேல் அடுக்கு செத்தாலும் கீழ் அடுக்கு தன் வேலையைத் தனியாகச் செய்யவேண்டும். எட்டுக் குளங்கள், குளத்துக்கு நான்கு 2 எச்பி பேடில்வீல் ஏரேட்டர் (துடுப்புச் சக்கரத்தால் நீரைக் கலக்கி ஆக்சிஜன் ஏற்றும் கருவி), நடுவில் ஒரு கொட்டகை என்ற பண்ணையை அளவாக வைத்துக்கொள்வோம்.

எந்த முடிவு எங்கே எடுக்கப்பட வேண்டும்

எட்ஜ் என்பது குளக்கரையில், ஸ்டார்ட்டர் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி. குளத்துக்கு ஒன்று. இதைக் குளக்கரைப் பெட்டி என்போம். அளப்பதும் ஏரேட்டரைப் போடுவதும் நிறுத்துவதும் அதன் பொறுப்பு.

ஃபாக் என்பது கொட்டகையில் இருக்கும் கணினி. எட்டுப் பெட்டிகளின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் எடுக்க முடிகிற முடிவுகள் சில உண்டு. ஜெனரேட்டர் ஓடும்போது எந்தக் குளத்துக்கு முதலில் ஏரேட்டர் போடுவது, இன்றிரவு எந்தக் குளம் எத்தனை மணிக்கு 4-ஐத் தொடும் என்பவை அந்த வகை. ஒரு பெட்டிக்குத் தன் குளம் மட்டுமே தெரியும், கிளவுடுக்கோ கரண்ட் இல்லாத நேரத்தில் எதுவும் தெரியாது. இடையில் ஓர் அடுக்கு வேண்டியிருப்பது இதனால்தான். ஃபாக் என்ற சொல்லைச் சிஸ்கோ ஆய்வாளர்கள் 2012-இல் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேகம் தரைக்கு இறங்கி வந்தால் மூடுபனி என்பது அதன் பொருள். 2018-இல் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் அதற்கு வரையறை எழுதியது, அதே ஆண்டு மின்பொறியாளர் சங்கமான ஐட்ரிபிள்ஈயின் 1934 என்ற தரநிலையும் வந்தது.

கிளவுடுக்கு மிஞ்சுவது பதிவேடு, தொலைவிலிருந்து பார்க்கும் வசதி, பருவத்துக்குப் பருவம் ஒப்பீடு. எந்த மோட்டாரையும் நேரடியாகத் தொடும் அதிகாரத்தை அதற்குத் தரக்கூடாது.

டேட்டா செலவைக் குறைக்கத்தான் எட்ஜ் என்று பலர் எழுதுகிறார்கள். இந்தப் பண்ணைக்கு அது பொருந்தாது. எட்டுக் குளம், பத்து நொடிக்கு ஓர் அளவு என்றால் நாளைக்கு 69,120 செய்திகள். ஒன்று 150 பைட் என்று வைத்தாலும் 10 எம்பி சுமார்தான், இன்றைய 4ஜி பிளானில் அது பொருட்டே இல்லை. கேமரா வந்தால் கதை வேறு. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓடும் ஒரே கேமரா நாளைக்கு 21.6 ஜிபி தின்னும். செக் ட்ரேயை, அதாவது இறால் தீனி எடுக்கிறதா என்று பார்க்கும் தட்டை, கேமராவில் பார்ப்பதென்றால் படத்தைக் கொட்டகையிலேயே அலசி, முடிவை மட்டும் மேலே அனுப்பவேண்டும்.

குளக்கரைப் பெட்டிக்கு வேண்டியவை

வைஃபை உள்ள சிறு கணிப்பலகையான ஈஎஸ்பி32 போர்டு ஒன்று, வெளி ஆன்டெனா மாட்டும் 32யூ வகை. ஆர்எஸ்485 என்ற கம்பி இணைப்பில் மாட்பஸ் என்ற செய்திமுறை பேசும் ஆப்டிகல் டிஓ சென்சார், வெப்பநிலையும் சேர்த்துத் தருவது. தனிமைப்படுத்தப்பட்ட, அதாவது ஐசொலேட்டட், ஆர்எஸ்485 மாற்றி. இரண்டு சானல் ரிலே, அதாவது பெட்டி சொன்னபடி திறந்து மூடும் சுவிட்ச். மோட்டார் இழுக்கும் கரண்டை அளக்க, மோட்டாருக்கு ஒன்றாக நான்கு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியும் அதற்கான சார்ஜரும். 12-இலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் பக் கன்வெர்ட்டர். ஐபி66 பாலிகார்பனேட் பெட்டி. இரும்புப் பெட்டி உப்புக் காற்றில் ஒரு பருவத்தில் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

பெட்டி, சென்சார் எல்லாம் சேர்த்து 2 வாட் அளவில் இழுக்கும். பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது, ஆகவே 20 மணி நேரம் தாங்கும்.

மாற்றி ஏன் ஐசொலேட்டட் ஆக இருக்கவேண்டும்? ஆர்எஸ்485 கம்பிகளில் தரையைப் பொறுத்து மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான் தாங்கும். பழைய ஏரேட்டரின் கேபிள் மூட்டில் ஈரம் ஏறி குளத்து நீரில் கசிவு இருந்தால், நீரில் மூழ்கியிருக்கும் சென்சார் வழியே அந்த மின்னழுத்தம் பெட்டிக்கு வரும். சாதாரண மாற்றி முதல் மழையிலேயே எரியும். இன்னொன்று: கடையில் சுலபமாகக் கிடைக்கும் மேக்ஸ்485 மாட்யூல் 5 வோல்ட்டுக்கானது, ஈஎஸ்பி32 3.3 வோல்ட்டில் ஓடுவது. ஐசொலேஷனுக்குப் பின்னே 3.3 வோல்ட் லாஜிக் உள்ள மாற்றியைக் கேட்டு வாங்குங்கள்.

ஈஎஸ்பி32-இல் எல்லாப் பின்னும் எல்லாவற்றுக்கும் ஆகாது. ஜிபிஐஓ 12 என்ற பின்னில் பூட் ஆகும்போது மின்னழுத்தம் இருந்தால் ஃபிளாஷுக்கான வோல்ட் தவறி, போர்டு எழவே எழாது. மேசைமேல் நன்றாக ஓடிய பெட்டி களத்தில் ரிலே இணைத்தபின் எழாமல் போவதற்கு இது அடிக்கடி காரணம். 0, 2, 15 பின்களையும் ரிலேக்கு விடாதீர்கள். 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும்தான். வைஃபை ஓடும்போது மின்னழுத்தம் அளக்கும் இரண்டு பகுதிகளில் ஏடிசி2 வேலை செய்யாது, கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்களை 32 முதல் 39 வரையான ஏடிசி1 பின்களில் இணைக்கவும்.

வயரிங்: பெட்டி செத்தால் மோட்டார் ஓடவேண்டும்

415 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஆனால் எப்படி வயர் செய்யவேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும், ஏனெனில் வழக்கமான முறை இங்கே தவறு.

பழக்கத்தில் ரிலே இழுத்தால் மோட்டார் ஓடும், விட்டால் நிற்கும். அப்படிச் செய்தால் பெட்டியின் ஃபியூஸ் போனாலும், பேட்டரி இறங்கினாலும், நிரல் தொங்கினாலும் ஏரேட்டர் நின்றுவிடும். மாற்றிச் செய்யுங்கள். ரிலேயின் என்சி முனையை, அதாவது ரிலே சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் முனையை, மோட்டாருக்குக் கரண்ட் தரும் சுவிட்சான கான்டாக்டரின் காயிலோடு தொடராக இணையுங்கள். ரிலே சும்மா இருந்தால் ஏரேட்டர் ஓடும், நிறுத்துவதற்குத்தான் பெட்டி ரிலேயை இழுத்துப் பிடிக்கவேண்டும். இப்போது பெட்டி செத்தால் என்ன ஆகும்? ஏரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், கரண்ட் பில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

நான்கு ஏரேட்டரை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். முதல் குழு இரவுமுழுக்க ஓடுவது, இரண்டாவது தேவைக்கு ஓடுவது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ரிலே. ஒவ்வொரு மோட்டாருக்கும் தனிக் கான்டாக்டர், தனி ஓவர்லோடு ரிலே. ஓவர்லோடை மோட்டார் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு வையுங்கள், 2 எச்பிக்குப் பெரும்பாலும் 3 சொச்சம் வரும். பலகைக்கு ஒரு சிங்கிள் பேஸ் பிரிவென்டர் கட்டாயம். ஒரு பேஸ் போய் மற்ற இரண்டில் மோட்டார் முனகினால் காயில் கருக அதிக நேரம் ஆகாது, அந்த வேகத்துக்கு எந்த நிரலையும் நம்பக்கூடாது.

பல பண்ணைகளில் புஷ்-பட்டன் டிஓஎல் ஸ்டார்ட்டர்தான் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் அது தானாக எழாது, பச்சைப் பொத்தானை யாராவது அழுத்தவேண்டும். அதன் இடத்தில் ஹேண்ட்-ஆஃப்-ஆட்டோ செலக்டர் சுவிட்ச் வையுங்கள். ஹேண்டில் போட்டால் பெட்டியைக் கேட்காமல் மோட்டார் ஓடவேண்டும். காயில் பாதையில் ஒரு ஆன்-டிலே டைமரையும் சேர்த்து, முதல் குளத்துக்கு 10 நொடி, அடுத்ததுக்கு 20, அதற்கடுத்ததுக்கு 30 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் எழும்போது ஓடுகிற கரண்டைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும். முப்பத்திரண்டு மோட்டார் ஒன்றாக எழுந்தால் ஜெனரேட்டர் மூச்சடைத்துவிடும்.

தானாக எழும் மோட்டார் குளத்தில் இறங்குகிறவருக்கு ஆபத்து. செலக்டரை ஆஃபில் வைத்தால் மட்டும் போதாது. ஐசொலேட்டரையும் நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைக் குளத்தில் இறங்குகிறவரே இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். பலகைக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டை வெட்டும் ஆர்சிசிபி போடுங்கள். அது அடிக்கடி டிரிப் ஆகிறது என்று எடுத்துவிடாதீர்கள். எந்தக் கேபிள் கசிகிறது என்று, இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துக் கண்டுபிடியுங்கள்.

கான்டாக்டர் விடும்போது காயிலிலிருந்து எழும் மின்துள்ளல் ஈஎஸ்பி32-ஐ ரீசெட் செய்யும். ஒவ்வொரு முறை ஏரேட்டர் நிற்கும்போதும் பெட்டி மறுபடி பூட் ஆவதாகத் தெரிந்தால் இதுதான் காரணம். காயிலின் இரு முனைக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பர் போட்டால் அடங்கும்.

மோட்டார் உண்மையில் ஓடுகிறதா என்று அறியக் கான்டாக்டரின் துணைமுனையைப் பார்ப்பது போதாது. கான்டாக்டர் இழுத்திருக்கும், மோட்டாருக்குப் போகும் கேபிள் அறுந்திருக்கும். கரண்டைத்தான் அளக்கவேண்டும். 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும் கிளாம்ப் வகை டிரான்ஸ்ஃபார்மர் எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் 3.2 ஆம்பியருக்கு அது 0.1 வோல்ட்தான் தரும், இரைச்சலில் அடிபட்டுப்போகும். ஒரு பேஸ் வயரை அதன் துளைக்குள் நான்கு சுற்று சுற்றுங்கள், அளவு 0.43 வோல்ட்டுக்கு ஏறிவிடும்.

சென்சார்: பாதித் தவறுகள் இங்கேதான்

ஏரேட்டரின் நீரோட்டம் நேரே படும் இடத்தில் சென்சாரை வைத்தால் எப்போதும் நல்ல எண்ணே வரும், குளத்தின் நிலை தெரியாது. ஏரேட்டருக்கு அப்பால், இறால் இருக்கும் அடிமட்டத்திலிருந்து 30 செ.மீ. மேலே, பிவிசி குழாய்க்குள் தொங்கவிடுங்கள். குழாயின் கீழ்ப்பகுதியில் நீர் புகுந்து வெளியேறப் பெரிய துளைகள் வேண்டும்.

உப்பளவை அமைக்க மறப்பதுதான் பெரிய தவறு. ஆப்டிகல் சென்சார் அளப்பது ஆக்சிஜனின் அழுத்தத்தை, மில்லிகிராம் என்பது அதிலிருந்து கணக்கிட்டுத் தருவது. 30 டிகிரியில் காற்றோடு நிறைவுற்ற நன்னீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் இருக்கும், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கடல்நீரில் 6.2 அளவில்தான் இருக்கும். சென்சார் பூஜ்யம் பிபிடி என்றே நினைத்துக்கொண்டிருந்தால், உப்புக் குளத்தில் உண்மையில் 4 இருக்கும்போது 4.8 என்று காட்டும். ஏரேட்டர் எழவேண்டிய நேரத்தில் எழாது. வாரம் ஒருமுறை ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பளவு பார்த்து, அந்த எண்ணைச் சென்சாரின் ரெஜிஸ்டரில், அதாவது அது எண்களை வைத்திருக்கும் இடத்தில், எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு மளமளவென்று இறங்கும், அப்போது பெருமழைக்குப் பின் ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும்.

சென்சாரின் முகத்தில் பாசிப்படலம் படிந்தால் அந்தப் படலமே பகலில் ஆக்சிஜன் தந்து எண்ணை ஏற்றும், இரவில் உறிஞ்சி எண்ணை இறக்கும். வரைபடம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் குளத்தின் வரைபடமாக இருக்காது. வாரம் இருமுறை மென்மையான துணியால் துடையுங்கள். துடைப்பதற்கு முன்னும் பின்னும் வரும் எண்ணைக் குறித்துவையுங்கள். வித்தியாசம் 0.3-க்கு மேல் போனால் இடைவெளியைக் குறைக்கவேண்டும். அளவு சரிபார்க்கச் சென்சாரைக் கழுவி, ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி, நிழலில் 15 நிமிடம் வைத்து, எண் அசையாமல் நின்றபின் 100 சதவீதம் என்று பதியுங்கள். வெயிலில் செய்தால் தவறும்.

மாட்பஸில் இரண்டு இடத்தில் எல்லாரும் இடறுவார்கள். கையேட்டில் 40001 என்று போட்டிருப்பது பெரும்பாலும் நிரலில் 0 என்ற முகவரி. மற்றொன்று, ஃப்ளோட் எனும் தசம எண் இரண்டு ரெஜிஸ்டரில் வரும், எது முதல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5.2 வரவேண்டிய இடத்தில் பொருளற்ற எண் வந்தால் இரண்டையும் இடம்மாற்றிப் பாருங்கள்.

பெட்டிக்குள் ஓடும் நிரல்

முதலில் ஒரு பழக்கத்தை விடவேண்டும். வைஃபை இணையும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த இரண்டு வரி, எல்லா மாதிரி நிரலிலும் தொடக்கத்திலேயே இருக்கும். இரவு கரண்ட் போய் வருகிறது, கொட்டகை ரவுட்டர் எழவில்லை, பெட்டி எழுகிறது. அந்த வரியிலேயே விடியும்வரை நிற்கும், டிஓ பார்க்கும் பகுதிக்கு வரவே வராது. அளப்பதும் ரிலேயும் ஒரு டாஸ்க், வைஃபையும், செய்தி அனுப்பும் முறையான எம்க்யூடிடியும் வேறு டாஸ்க் என்று, ஈஎஸ்பி32-இன் இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பிரித்துவிடுங்கள். கட்டுப்பாட்டு டாஸ்க்குக்கு, தொங்கினால் மறுபடி எழுப்பும் வாட்ச்டாக் வையுங்கள். பரவலாகப் பயன்படும் பப்சப்கிளையன்ட் நூலகம் இணைய முயலும்போது 15 நொடி வரை நிரலை நிறுத்திவைக்கும், செய்தி சேர்ந்ததா என்று உறுதி கேட்காத க்யூஓஎஸ் 0-இல் மட்டுமே அனுப்பும். இந்த வேலைக்கு எஸ்ப்ரெசிஃப் தரும் ஈஎஸ்பி-எம்க்யூடிடியே ஏற்றது.

கட்டுப்பாட்டு டாஸ்க்கின் ஒழுங்கு இது:

1. பத்து நொடிக்கு ஒருமுறை வாசி. கடைசி ஐந்து அளவுகளில் நடு எண்ணை எடு.
2. மூன்று முறை தொடர்ந்து பதில் இல்லை, எண் 0 முதல் 20-க்குள் இல்லை, ஒரு நிமிடத்தில் 2-க்கு மேல் குதித்தது, அரை மணி நேரமாக இரண்டாம் தசமம்கூட அசையவில்லை. இவற்றில் எது நேர்ந்தாலும் சென்சார் கெட்டது என்று கொள். இரண்டு குழுவையும் ஓட்டு, எச்சரிக்கை அனுப்பு.
3. டிஓ 4.5-க்கு இறங்கினால் இரண்டாம் குழுவைப் போடு. 5.5-ஐத் தாண்டியபின், அதுவும் குறைந்தது 20 நிமிடம் ஓடியபின்தான் நிறுத்து.
4. இரவு 10 முதல் காலை 6 வரை முதல் குழு, எண் என்னவானாலும், ஓடும். மணி தெரியாவிட்டால் இரவென்றே கொள்.
5. ஓட்டச் சொல்லி 10 நொடிக்குப் பின்னும் மோட்டார் கரண்ட் 1 ஆம்பியருக்குக் கீழே என்றால் 'மோட்டார் ஓடவில்லை' என்று கத்து.

4.5, 5.5 போன்ற வரம்புகளை ஈஎஸ்பி32-இல் கரண்ட் போனாலும் அழியாத என்விஎஸ் நினைவகத்தில் எழுதிவையுங்கள். கொட்டகையிலிருந்து வரும்வரை காத்திருக்கும் பெட்டி எட்ஜ் ஆகாது.

கொட்டகையிலிருந்து வரும் உத்தரவுக்கும் கட்டுப்பாடு உண்டு. 'நிறுத்து' என்பதை டிஓ 4.5-க்கு மேல் இருந்தால் மட்டுமே பெட்டி ஏற்கவேண்டும், 'ஓட்டு' என்பதை எப்போதும் ஏற்கலாம். ஒவ்வொரு உத்தரவிலும் காலாவதி நேரம் இருக்கட்டும். எம்க்யூடிடியில் உத்தரவை ரீடெய்ன் செய்யவே, அதாவது செய்திகளை வாங்கிப் பிரித்தனுப்பும் பிரோக்கரில் தங்கவைக்கவே, கூடாது. மாலை 4 மணிக்கு அனுப்பிய 'நிறுத்து' பிரோக்கரில் தங்கியிருந்து, இரவு 2 மணிக்கு இணைப்பு அறுந்து சேரும்போது மறுபடி பெட்டிக்கு வந்து சேரும். நிலையைச் சொல்லும் செய்திகளை ரீடெய்ன் செய்யலாம், உத்தரவை அல்ல.

கொட்டகை நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்புச் செய்தி அனுப்பட்டும். ஐந்து நிமிடம் வராவிட்டால் பெட்டி தனி நிலைக்குப் போய், வரம்பை 4.5-இலிருந்து 5.0-க்கு ஏற்றிக்கொள்ளவேண்டும். கேட்க ஆளில்லாதபோது கொஞ்சம் முன்னெச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு (சராசரி, குறைந்தது, அதிகம், மோட்டார் நிலை) 16 பைட்டில் அடங்கும். நாளைக்கு 288 பதிவு, 4.6 கேபி. முப்பது நாளைக்கும் 140 கேபிக்கு மேல் போகாது, போர்டின் ஃபிளாஷிலேயே வைக்கலாம். அளந்த நேரத்தையே பதிவில் எழுதுங்கள். சேர்ந்த நேரத்தை எழுதினால், இணைப்பு திரும்பியதும் ஓர் இரவின் அளவுகள் எல்லாம் காலை 7 மணியில் குவிந்து நிற்கும்.

கொட்டகைக்கு இணைப்பு

கொட்டகையில் 6 மீட்டர் கம்பத்தில் வெளிப்புற ஆக்சஸ் பாயின்ட், பெட்டிகளுக்கு 3 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா என்றால் 300 மீட்டர் வரை வைஃபை போதும். உயரம் ஏன்? 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 மீட்டர் தொலைவுக்கு நடுவழியில் அலை 3 மீட்டர் ஆரத்துக்குப் பரந்து போகிறது, அதில் கரையும் ஏரேட்டர் தெளிக்கும் நீரும் குறுக்கிட்டால் விட்டுவிட்டுத்தான் இணையும். ஈஎஸ்பி32-க்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள்.

அதற்கு மேல் தூரம் என்றால், மெதுவாக ஆனால் நெடுந்தூரம் பேசும் லோரா ரேடியோ. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். 868 என்று விற்கும் மாட்யூலை 865-க்கு அமைத்துக்கொள்ளலாம், 433, 915 வேண்டாம். எஸ்எஃப் என்பது லோராவின் வேகப் படி, எண் கூடினால் வேகம் குறையும். எஸ்எஃப்7-இல் ஒரு சிறு செய்தி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் போய்விடும், எஸ்எஃப்12-இல் ஒரு நொடிக்கு மேல் பிடிக்கும். எட்டுப் பெட்டியும் எஸ்எஃப்12-இல் பேசினால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

கொட்டகைக் கணினி

ராஸ்பெர்ரி பை 4, 4 ஜிபி போதும். எஸ்டி கார்டில் தரவுத்தளம் ஓட்டாதீர்கள். தொடர்ந்து எழுதுவதும் கரண்ட் வெட்டும் சேர்ந்து சில மாதத்தில் கார்டைக் கெடுக்கும், யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்யுங்கள். பை 4-இல் கடிகாரம் இல்லை, டிஎஸ்3231 கடிகார மாட்யூல் போடுங்கள். அது இல்லாமல் இணையமும் இல்லாமல் எழுந்தால் மணி தவறும், இணைப்பைப் பூட்டிக் காக்கும் டிஎல்எஸ் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு மறுக்கப்படும், பெட்டிகளுக்கும் தவறான மணி போகும். லினக்ஸின் சிஸ்டம்டியில் வாட்ச்டாக்கை 10 நொடிக்கு இயக்குங்கள், பை தொங்கினால் தானே மறுபடி எழும். பை, ரவுட்டர், ஆக்சஸ் பாயின்ட் மூன்றும் 18 வாட் இழுத்தால், 12 வோல்ட் 42 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி இறக்கத்தில் 14 மணி நேரம் கொடுக்கும்.

அதில் செய்திகளுக்கு மஸ்கிட்டோ பிரோக்கர், விதிகளுக்கு நோட்-ரெட், தரவுத்தளத்துக்கு இன்ஃப்ளக்ஸ்டிபி, வரைபடத்துக்குக் கிராஃபானா. எம்க்யூடிடி 1999-இல் பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கவனிக்க ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. நலிந்த இணைப்புக்கென்றே பிறந்ததால் இங்கே பொருந்துகிறது.

மஸ்கிட்டோவில் மூன்று அமைப்பு முக்கியம். 2.0 முதல் அது தானாக உள்ளூர்க் கணினிக்கு மட்டுமே காது கொடுக்கும், 1883 போர்ட்டில் லிஸ்னர் (வெளி இணைப்பை ஏற்கும் அமைப்பு) எழுதாவிட்டால் ஒரு பெட்டியும் இணையாது. அதற்காகக் கடவுச்சொல் கேட்காத ஆனானிமஸ் இணைப்பைத் திறந்துவிடாமல், பெட்டிக்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, அது தன் குளத்தின் தலைப்பில் மட்டும் எழுதுமாறு ஏசிஎல் என்ற அனுமதிப் பட்டியல் வையுங்கள். இரண்டாவது, நினைவிலிருப்பதை வட்டில் சேமிக்கும் இடைவெளி தானாக 1,800 நொடி. திடீரென்று கரண்ட் போனால் அரைமணிச் செய்திகள் போச்சு, 60 நொடிக்குக் குறையுங்கள். மூன்றாவது, இணைப்பு இல்லாதபோது வரிசையில் காத்திருக்கும் செய்திகளுக்கு வரம்பு 1,000. எட்டுக் குளத்தின் ஐந்து நிமிடப் பதிவு நாளைக்கு 2,304 என்பதால் பத்து மணி நேரத்தில் நிரம்பி, அதன் பிறகு வருவது கைவிடப்படும். 50,000 ஆக்கினால் மூன்று வாரம் தாங்கும்.

கொட்டகை செய்யும் பெரிய வேலை முன்கூட்டிச் சொல்வது. இரவில் டிஓ ஏறத்தாழ நேர்கோட்டில் இறங்கும். இரவு 10 மணிக்கு 6.2, நள்ளிரவில் 5.4 என்றால் மணிக்கு 0.4 இறக்கம். 4-ஐத் தொட இன்னும் 1.4 இருக்கிறது, மூன்றரை மணி நேரம், அதாவது அதிகாலை 3:30. எட்டுக் குளத்துக்கும் இப்படிக் கணக்கிட்டு, முதலில் தொடப்போகும் குளத்துக்கு முதலில் இரண்டாம் குழுவைப் போடச் சொல்லலாம். ஜெனரேட்டரில் ஓடும்போது இது மிக உதவும். இருக்கும் திறன் எட்டுக்கும் போதாவிட்டாலும், 3:30-இல் தொடும் குளமும் 6 மணிவரை தாங்கும் குளமும் வேறு வேறு என்று தெரிந்துவிடுகிறது. முந்தைய பகல் மேகமூட்டமாக இருந்தால் தொடக்க எண்ணே தாழ்ந்திருக்கும், அன்று கணக்கை 10 மணிக்குக் காத்திராமல் 8 மணிக்கே தொடங்குங்கள். ஏரேட்டர் ஓடத் தொடங்கியபின் கோடு வளையும், அதற்குப் பின் பழைய சரிவை வைத்துக் கணக்கிடக்கூடாது.

எச்சரிக்கைக்குக் கொட்டகையில் 12 வோல்ட் ஹூட்டர் ஒன்று, பேட்டரியிலேயே. வாட்ச்மேன் தூங்கினாலும் அது எழுப்பும், எந்த டவரையும் அது கேட்பதில்லை. எஸ்எம்எஸ்ஸும் வேண்டுமென்றால் 4ஜி மாட்யூல் வாங்குங்கள். மலிவான சிம்800 2ஜியில் ஓடுவது, ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுத்துப் பக்கத்துப் போர்டையும் ரீசெட் செய்யும்.

கிளவுடைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெளிப் பிரோக்கரோடு இணைக்கும் மஸ்கிட்டோவின் பிரிட்ஜ் வழியே, 8883 போர்ட்டில் டிஎல்எஸ்ஸோடு ஐந்து நிமிடப் பதிவுகளும் எச்சரிக்கைகளும் மட்டும் வெளியே போகட்டும். இணைப்பு அறுந்தால் காத்திருக்கும் வரிசையை அழிக்கும் கிளீன் செஷனை நிறுத்திவையுங்கள், சேர்ந்ததற்கு உறுதி கேட்கும் க்யூஓஎஸ் 1 வையுங்கள். போகும் தலைப்பும் வரும் தலைப்பும் ஒன்றாக இருந்தால் செய்தி சுற்றிச் சுற்றி வரும், முன்னொட்டைப் பிரியுங்கள். 4ஜி சிம்மில் வெளியிலிருந்து உள்ளே நேரே வரமுடியாது, ஆகவே தொலைவிலிருந்து பையைத் தொட வயர்கார்டு விபிஎன் வழியே உள்ளிருந்து வெளியே இணைப்பு எடுக்கவேண்டும்.

பிடுங்கிப் பார்க்கும் நாள்

குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன், நண்பகலில், ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். ரவுட்டரின் சிம்மை எடுத்து ஒரு நாள் முழுக்க விடுங்கள், திரும்பப் போட்டபின் அந்த நாளின் 2,304 பதிவும் சரியான மணியோடு மேலே சேர்ந்தனவா என்று எண்ணுங்கள். பையின் கரண்டை வெட்டுங்கள், ஐந்து நிமிடத்தில் எட்டுப் பெட்டியும் தனி நிலைக்குப் போகவேண்டும். பை இல்லாத நிலையிலேயே ஒரு பெட்டியை அணைத்துப் போடுங்கள், வைஃபைக்குக் காத்திராமல் அரை நிமிடத்தில் அளக்கத் தொடங்கவேண்டும். சென்சார் கேபிளைக் கழற்றுங்கள். சென்சாரை வாளி நீரில் அரை மணி வைத்து, 'அசையாத எண்' பிடிபடுகிறதா பாருங்கள். பெட்டியின் ஃபியூஸை எடுங்கள், செலக்டர் ஆட்டோவில் இருந்தால் ஏரேட்டர் எழுந்தே ஆகவேண்டும். எழாவிட்டால் ரிலே வயர் என்சிக்குப் பதில் என்ஓ முனையில் இருக்கிறது. மெயினை அணைத்துப் போட்டு, குளங்கள் பத்துப் பத்து நொடியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றனவா என்று கரையில் நின்று கேளுங்கள்.

நிரலைப் புதுப்பிப்பதும் பகலில்தான், முதலில் ஒரு குளத்துக்கு மட்டும். அது இரண்டு இரவு ஓடியபின் மற்ற ஏழுக்கு. ஈஎஸ்பி32-இல், தொலைவிலிருந்து நிரல் ஏற்றுவதற்கான இரண்டு ஓடிஏ பகுதி வைத்து, புதிய நிரல் எழுந்து சென்சாரை ஒருமுறை சரியாக வாசித்த பின்பே தன்னை உறுதிசெய்யுமாறு எழுதுங்கள். வாசிக்காவிட்டால் அடுத்த பூட்டில் பழையதற்குத் திரும்பிவிடும்.

பேட்டரிகளை மாதம் ஒருமுறை சார்ஜரைக் கழற்றி நான்கு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முடிவில் 12 வோல்ட்டுக்குக் கீழே வந்த பேட்டரியை அன்றே மாற்றிவிடுங்கள்.